பொது இட உடை அறிவிப்பு: 'லுங்கி, நைட்டி, டவுசர், பனியன்' என்று பெயர் போட்டு எழுதலாமா?

#1 கீழ்த்தளம்

வணக்கம். குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூடம், அலுவலக அறை, உடற்பயிற்சிக் கூடம் மூன்றுக்கும் ஓர் உடை அறிவிப்பு எழுத வேண்டியிருக்கிறது. இடம் சென்னை. நெல்லை, கொங்கு, தஞ்சை, யாழ்ப்பாணம் என்று எல்லாப் பக்கத்துக் குடும்பங்களும் இருக்கிறார்கள். சங்கம் கொடுத்த வரைவு:

"லுங்கி, நைட்டி, டவுசர், பனியன் அணிந்து பொது இடங்களுக்கு வர அனுமதி இல்லை. கண்ணியமான உடையில் வரவும்."

இந்த நாலு சொல்லும் எல்லாருக்கும் ஒரே துணியைத்தான் குறிக்கிறதா? இல்லை என்றால் எப்படி எழுதினால் வாசலில் தகராறு வராது? துணியும் தையலும் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 தேரிக்காடு

முதல் சொல்லிலேயே இடிக்கிறது. தூத்துக்குடி, நெல்லை, குமரிப் பக்கம் அது சாரம். தஞ்சை, நாகை, மதுரை, ராமநாதபுரம் பக்கம் கைலி. சென்னை, வேலூர்ப் பக்கம் லுங்கி. பலகையில் லுங்கி என்று போட்டாலும் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வெள்ளைச் சாரம் கட்டி வருகிறவரைக் காவலர் நிறுத்தினால், "லுங்கின்னா கட்டம் போட்டது, இது சாரம்" என்பார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

இன்னொன்று. கடற்கரையோர முஸ்லிம் குடும்பங்களில் மூட்டிய (இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த) வெள்ளைக் கைலிதான் பள்ளிவாசலுக்கும் நிக்காஹுக்கும் கட்டுகிற உடை. மேலே சட்டை, தலையில் தொப்பி. அதைவிட மரியாதையான உடுப்பு அவர்களிடம் கிடையாது. உங்கள் வரைவைக் காவலர் எழுத்துக்கு எழுத்து நடத்தினால், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருகிற பெரியவர் அலுவலக அறை வாசலில் நிற்க வேண்டிவரும்.

#3 பாவு_ஊடை

தேரிக்காடு அண்ணாச்சி சொன்னது சரி. தறியில் இருந்து பார்த்தால் மூன்று பெயரும் ஒரே துணிதான். விவரம் தெரிந்த கடைக்காரர் பெயரைக் கேட்க மாட்டார். மூட்டினதா மூட்டாததா, எத்தனாம் நம்பர் நூல், என்ன அளவு என்றுதான் கேட்பார்.

அளவு: நீளம் வழக்கமாக 2 மீட்டர். 2.25 மீட்டரும் வருகிறது. வயிறு பெருத்தவர்கள் அதை வாங்குவது நல்லது. 2 மீட்டரில் அவர்களுக்கு முன்மடிப்புக்குத் துணி குறைந்து முடிச்சு சீக்கிரம் தளரும். உயரம் 115 முதல் 127 செ.மீ. வரை. பருத்தி முதல் அலசலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். அதனால் 120 செ.மீ. என்று அச்சிட்டிருந்தால் கணுக்காலில் நிற்கப்போவது 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்டையானவர் 120 வாங்கினால் அது கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். பார்க்கிறவர் 'தூக்கிக் கட்டியிருக்கிறான்' என்று நினைப்பார். அவர் தூக்கிக் கட்டவில்லை, துணி சுருங்கியிருக்கிறது.

நூல்: 40, 60, 80, 100 என்று வரும். நம்பர் ஏற ஏற இழை மெல்லிசு. தினப்படிக்கு 60 போதும். மலிவு வகையில் இழையை நெருக்காமல் விட்டுக் கஞ்சியை ஏற்றிவிடுவார்கள். கடையில் பிடித்துப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும். அலசினால் வலை மாதிரி ஆகிவிடும். துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துக் கசக்குங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் கஞ்சி. பிறகு ஓர் அடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் உள்ளங்கையை வையுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது பொது இடத்துக்கு ஆகாத துணி, அதன் பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

கட்டம்: நெய்த கட்டத்தில் பாவிலும் (நீள இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) சாயநூல் போகும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்ததில் உள்பக்கம் வெளிறியிருக்கும். 'லுங்கி என்றால் மட்டமான துணி' என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த அச்சு ரகத்தைப் பார்த்து வந்தது. நாலு அலசலில் பூ மங்கி, ஓரம் சாம்பல் பூத்துவிடும். குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் நெய்கிற கட்டம் போட்ட துணியை அதே கண்ணோடு பார்ப்பது நெசவாளருக்குச் செய்கிற அநியாயம்.

மூட்டு: இரண்டு வெட்டு ஓரத்தையும் வெறுமனே சேர்த்து ஒற்றைத் தையல் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஓரம் உள்ளே மடங்கி இரட்டைத் தையல் ஓடியிருக்க வேண்டும். கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். ஒற்றைத் தையல் கீழ்முனையில்தான் முதலில் விடும். இரண்டு அங்குலம் விட்டுவிட்டால் எட்டு வைக்க வைக்கக் கிழிந்து மேலே ஏறும்.

#4 வடலி

எங்கட யாழ்ப்பாணப் பக்கமும் சாரம்தான். லுங்கி எண்டு சொன்னால் விளங்கும், ஆனால் ஒருத்தரும் சொல்லிறதில்லை. வீட்டில சாரம், வளவுக்குள்ள சாரம், சந்திக் கடைக்கும் சாரம். அதில ஒரு குறையும் இல்லை. குறை வாறது சண்டிக்கட்டு கட்டினால்தான். சாரத்தை முழங்காலுக்கு மேல மடிச்சு இடுப்பில செருகிறதைத்தான் சண்டிக்கட்டு எண்டுறது. வேலை செய்யேக்க அப்பிடித்தான் கட்டவேணும், அதை ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம். பெரியாக்கள் வந்தால் அவிழ்த்து விடவேணும். விடாமல் நிண்டால் சண்டைக்கு நிக்கிறான் எண்டு அர்த்தம்.

இதை எழுதிறதுக்குக் காரணம்: உங்கட சங்கத்துக்குப் பிடிக்காதது சாரமா, சண்டிக்கட்டா? முதல்ல அதைக் கேளுங்கோ.

#5 மாடிவீட்டு_ஜன்னல்

எல்லாரும் துணிக்குப் பரிந்து பேசுகிறீர்கள். நடைமுறையைப் பாருங்கள். பெயர் போடாமல் 'கண்ணியமான உடை' என்று மட்டும் எழுதினால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கண்ணியம் என்பதற்கு ஆளுக்கு ஓர் அளவுகோல். காவலருக்குப் படிப்பு குறைவு. 'லுங்கி கூடாது' என்றால் அவருக்குத் தெளிவாக இருக்கும். பொதுக்கூடத்தில் பெண்கள், குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்போது தொடை தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு வருவது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை.

#6 பாவு_ஊடை

மாடிவீட்டு சகோ, உங்கள் ஆட்சேபம் நியாயம். ஆனால் நீங்கள் ஆட்சேபிப்பதும் தொடை தெரிவதைத்தானே? அதையே எழுதலாமே.

கணக்கு இப்படி. 120 செ.மீ. துணியில் இடுப்பில் சுருட்டச் சுமார் 10 போக மீதி 110 தொங்கும். கீழ் ஓரத்தைச் சரிபாதியாகத் தூக்கி இடுப்பில் செருகினால் 55 செ.மீ. நிற்கும். நடுத்தர உயரமுள்ளவருக்கு அது முழங்காலைத் தொடும், அல்லது சற்றுக் கீழே நிற்கும். ஓர் எட்டு வைத்தாலோ உட்கார்ந்தாலோ மேலே போய்விடும். இதே கணக்கு நாலு முழ வேட்டிக்கும் அப்படியே பொருந்தும். வேட்டியை மடித்துக் கட்டினாலும் தொடை தெரியத்தான் செய்யும். வேட்டியை விட்டுவிட்டு லுங்கியை மட்டும் பலகையில் ஏற்றினால், நீங்கள் தடுக்க நினைத்த காட்சி வெள்ளைத் துணியில் நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காவலருக்குத் தெளிவு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'முழங்கால் மூடியிருக்க வேண்டும்' என்பதைவிடத் தெளிவான வரி எது? அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். துணியின் பெயரை ஆராய வேண்டாம்.

#7 கிள்ளான்_கரை

மலேசியாவில் இருந்து ஒரு தகவல். இங்கே கட்டம் போட்ட சாரோங்கை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிகாட்' என்பார்கள். பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. அந்தத் துறைமுகத்தின் பெயர் துணியோடு சேர்ந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது. சூராவுக்கு (சிறு தொழுகைக்கூடம்) தொழப் போகும்போதும் அதைத்தான் கட்டுகிறார்கள். வீட்டுத் துணி, வெளித் துணி என்ற கோடு ஊருக்கு ஊர் வேறு இடத்தில் விழுகிறது.

#8 பாவு_ஊடை

கிள்ளான் அண்ணனுக்கு நன்றி. நம் கடைகளிலும் 'பாலியக்காட் லுங்கி' என்று இன்றும் அந்தப் பெயரில் விற்கிறது.

இதே மெட்ராஸ் கட்டம்தான் 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய்ச் சட்டையாகத் தைக்கப்பட்டது. சாயம் நிற்காமல் கரைந்தது. குறையாகப் போயிருக்க வேண்டியதை, அலச அலச நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதுதான் இதன் அழகு என்று விளம்பரம் செய்து, 'பிளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் வைத்து உயர்ந்த விலைக்கு விற்றார்கள். அங்கே படித்த வர்க்கத்து இளைஞர்கள் அதைப் பெருமையாகப் போட்டார்கள். ஒரே கட்டம் சட்டையாக வந்தால் கிளப்புக்குள் போகும், இடுப்பில் கட்டினால் வாசலில் நிற்கும். இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

#9 வாய்தா

சட்டப் பக்கம் கொஞ்சம்.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி, அல்லது வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடை அணிந்து வந்தாலும், அந்தக் காரணத்துக்காகப் பொது இடத்தில் நுழைவைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சுருக்கம். கிளப், சங்கம், டிரஸ்ட், கம்பெனி வசமுள்ள இடங்கள் அதில் வருகின்றன. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

லுங்கி என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. 'வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையும்' என்பதில் கைலி அடங்குமா என்று ஒருவர் வழக்குப் போட்டால் அவருக்கு வாதம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட 11 வகைகளில் சேலை, வேட்டியோடு லுங்கியும் ஒன்று. அதை எடுத்துவைத்தாலே போதும். ஒரு குடியிருப்போர் சங்கம் எதற்கு அந்த வம்பில் மாட்ட வேண்டும்?

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2015 கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி, 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வந்தது. ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமா மேல்துண்டோடு, இல்லாவிட்டால் பேன்ட் சட்டை. பெண்களுக்குச் சேலை, தாவணி, மேலாடையோடு சுடிதார் என்று பட்டியல். கோயில் வாசல் பலகைகளில் லுங்கி, பெர்முடா, ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது என்று பெயர் போட்டே எழுதினார்கள். அந்த ஜனவரியிலேயே மேல்முறையீட்டில் இடைக்காலத் தடை வந்துவிட்டது. பெயர்ப் பட்டியல் போட்டால் விடுபட்டவை, சேர்க்கக் கூடாதவை என்று கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும்.

#10 கீழ்த்தளம்

நன்றி ஐயா. லுங்கி என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன், 'முழங்கால் மூடியிருக்க வேண்டும்' என்று மாற்றுகிறேன். பனியனும் டவுசரும்?

#11 பின்னலாடை

பனியனைப் பெயர் போட்டு எழுதவே எழுதாதீர்கள். திருப்பூரில் பனியன் என்றால் பின்னல் துணியில் தைக்கிற எல்லாமே. டீ-ஷர்ட் தைக்கிற இடமும் 'பனியன் கம்பெனி'தான். கொங்குப் பக்கத்துப் பெரியவர்கள் காலர் வைத்த டீ-ஷர்ட்டைக் 'காலர் பனியன்' என்பார்கள். உங்கள் பலகையைப் படித்துவிட்டு, கூட்டத்துக்கு டீ-ஷர்ட்டே ஆகாது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் நினைப்பது உள்ளே போடுகிற பனியன் என்றால் வித்தியாசம் இதுதான்:

உள்பனியன் 120 முதல் 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) துணி. கை இல்லாதது ஆர்.என்., கை வைத்தது ஆர்.என்.எஸ். என்று பெட்டியில் போட்டிருக்கும். முண்டா பனியன் ஆர்.என். வகை. கழுத்தில் மெல்லிய பட்டி, தோள்பட்டையில் தையலை மூடும் நாடா (டேப்) கிடையாது. வியர்வை உறிஞ்சத்தான் அந்தத் துணி. நனைந்தால் உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பது தெரியும்.

டீ-ஷர்ட் 160 முதல் 180 ஜிஎஸ்எம். கழுத்தில் ரிப் பட்டி, ஒரு தோளில் இருந்து மறுதோள் வரை உள்பக்கம் டேப் ஓடும். காலர் வைத்த பிக்கே துணி என்றால் 200க்கு மேல். டேப் இல்லாத மலிவு டீ-ஷர்ட் கொஞ்ச நாளில் தோளில் தொங்கி, கழுத்து வாய் பிளந்து, உள்பனியன் மாதிரியே ஆகிவிடும். கை வைத்த வெள்ளை ஆர்.என்.எஸ். ஒன்றையும் வெள்ளை டீ-ஷர்ட் ஒன்றையும் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிற காவலரால் பிரித்துச் சொல்ல முடியாது. 'தோளும் அக்குளும் மூடிய மேலாடை' என்று எழுதுங்கள். முண்டா பனியன் தானாக விலகிவிடும், மற்றதெல்லாம் உள்ளே வரும்.

தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019இல் வந்த அரசாணையில்கூட, எதைப் போடலாம் என்றுதான் வரி வரியாக இருந்தது: சட்டையோடு பேன்ட், வேட்டி, சேலை, துப்பட்டாவோடு சல்வார் அல்லது சுடிதார். எது வேண்டும் என்று எழுதினால் படிக்கிறவருக்கு உறுத்தாது.

#12 தேரிக்காடு

பின்னலாடை தம்பி சொன்ன 'தோளும் அக்குளும் மூடிய' வரி நன்று. கை இல்லாத சுடிதார் போடுகிற பெண்கள் அதில் மாட்டுவார்களே, அதையும் யோசியுங்கள்.

#13 பின்னலாடை

உண்மைதான், அதை நான் பார்க்கவில்லை. 'உள்ளாடையை மட்டும் மேலாடையாக அணிந்து வர வேண்டாம்' என்று போட்டால் போதும். அதற்கு விளக்கம் தேவைப்படாது.

#14 வடலி

டவுசருக்கு வாறன். தமிழ்நாட்டில டவுசர் எண்டால் முழங்காலுக்கு மேல நிக்கிறது. ஆங்கிலம் படிச்ச பிள்ளைக்கு ட்ரவுசர் எண்டால் நீளமானது. எங்களுக்குக் காற்சட்டை, பழைய ஆக்கள் களுசான் எண்டும் சொல்லுவினம், அது போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போன சொல். நீளமோ கட்டையோ எண்டு முன்னால சேர்த்துச் சொன்னால்தான் எது எண்டு தெரியும்: நீளக் காற்சட்டை, அரைக் காற்சட்டை.

#15 கிள்ளான்_கரை

இங்கே சிலுவார். மலாயிலிருந்து வந்தது. அதிலும் நீளமா கட்டையா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

#16 ஊசிமுனை

தையல் பக்கத்திலிருந்து நான். காலுக்குப் போடுகிற இந்த வகையில் பெயர்க் குழப்பம் ரொம்ப அதிகம், ஏனென்றால் பெயரோடு வயதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ட்ராயர் என்றால் ஒரு வீட்டில் பள்ளிக்கூடப் பையன் போடுவது, இன்னொரு வீட்டில் வேட்டிக்குள் போடுவது. பட்டாபட்டி என்றால் உள்ளுக்குப் போடுகிற கோடு போட்ட ட்ராயர்தான். குமரிப் பக்கம் நிக்கர். ஷார்ட்ஸ் என்றால் இளைஞர்; பெர்முடா என்றால் கொஞ்சம் வசதி; அதையே ஒரு பெரியவர் போட்டால் 'ட்ராயரோட நிக்கிறார்' என்பார்கள். பேச்சு மாறுகிறது, துணி மாறவில்லை.

பெயரை விட்டுவிட்டு உள்தொடைத் தையலின் நீளத்தைப் பாருங்கள். கவட்டையிலிருந்து கீழ் ஓரம் வரை அளவு டேப் வையுங்கள். 5 அங்குலம் என்றால் தொடையில் பாதி. 7 என்றால் தொடை முக்கால்வாசி மூடும். 9 முதல் 11 வரை முழங்காலை ஒட்டி நிற்கும்; பெர்முடா என்று விற்பது இதுதான். அதற்குக் கீழே கெண்டைக்கால் வரை வந்தால் முக்கால் பேன்ட். நின்று அளந்தால் மட்டும் போதாது, உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். உட்காரும்போது ஓரம் இரண்டு மூன்று அங்குலம் மேலே போகும். இடுப்பில் வெறும் எலாஸ்டிக் வைத்து முன்னால் பட்டியோ பையோ இல்லாமல் தைத்ததை யார் பார்த்தாலும் உள்ளாடை என்றுதான் நினைப்பார்கள். அதே துணியில் இரண்டு பக்கமும் பை வைத்து, இடுப்புப் பட்டியை ஒன்றேகால் அங்குலமாக்கி, கீழ் ஓரத்தை ஓரங்குலம் மடித்துத் தைத்தால் வெளி உடையாகிவிடும். கூடுதல் துணி கால் மீட்டர்கூட ஆகாது.

இப்போது நைட்டி. இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

நைட்டி என்ற பெயரில் ராத்திரி இருப்பதால் பகலில் போடக் கூடாத உடை என்று நினைக்கிறார்கள். நடப்பில் அது பகல் உடை. சமையல், துவைப்பு, குழந்தைக்குப் பால் கொடுப்பது எல்லாவற்றுக்கும் தோதான, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய பருத்தி உடை. சேலையில் தெரிகிற இடுப்புகூட இதில் தெரியாது. இதையே இடுப்பில் ஒரு நாடா வைத்துத் தைத்தால் மேக்சி, லாங் கவுன் என்று சொல்லிக் கல்யாண வரவேற்புக்குப் போடுகிறார்கள். அப்படியிருக்க, மூடியிருக்கிற பெண்ணைப் பார்த்துப் பலகை 'கண்ணியமாக வா' என்று சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

குறை வருகிற இடங்கள் தையலில் இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்ய முடியும்:

அக்குள் வெட்டு. எல்லா அளவுக்கும் ஒரே வெட்டு வெட்டுவதால் மெலிந்தவர்களுக்கு அக்குள் தொங்கி, கையைத் தூக்கினால் உள்ளே தெரியும். இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் உள்ளே பிடித்தால் சரியாகிவிடும்.

மெல்லிய துணி. வெளிர் நிறம் வாங்கினால் தோளிலிருந்து 10 அங்குலம் வரை உள்பக்கம் கேம்பிரிக் அல்லது மல்மல் லைனிங் வைத்துத் தையுங்கள். அரை மீட்டர் போதும். வாசலுக்குப் போகும்போது பெண்கள் தோளில் துண்டு போடுகிறார்களே, அது இந்த லைனிங் இல்லாததால்தான். துண்டு நழுவும், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பக்கெட் என்றால் அதைப் பிடிக்கக் கை கிடையாது.

நீளம். 54, 56 அங்குலம் என்று ஒரே நீளமாக வருகிறது. தரையிலிருந்து 2 அங்குலம் மேலே நிற்கும்படி மடித்துத் தைத்துக்கொள்ள வேண்டும். தரையைத் தொட்டால் மாடிப்படி ஏறும்போது தன் ஓரத்தைத் தானே மிதித்து விழுவார்கள்.

துணி வகை. அடுப்படியில் நைலான், பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியிலும் தீப்பிடிக்கும், ஆனால் அப்படி ஒட்டாது. அகலமாகத் தொங்குகிற கையும் வேண்டாம், முழங்கைக்கு மேலேயே முடித்துவிடுங்கள்.

ஜிப். கழுத்திலிருந்து 10 முதல் 12 அங்குலம். மேல்முனையில் ஒரு கொக்கி வைக்காவிட்டால் குனியும்போது தானாக இறங்கும்.

இதையெல்லாம் தங்கை, மதினி யாருக்குத் தைத்தாலும் செய்யலாம். பலகையில் ஏற்றிச் சரிசெய்ய முடியாது.

#17 மாடிவீட்டு_ஜன்னல்

ஊசிமுனை அக்கா, தையல் விவரம் அருமை. ஆனாலும் பொதுக்கூட்டத்துக்கு நைட்டியில் வருவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டு உடைக்கும் சபை உடைக்கும் வித்தியாசம் வேண்டாமா?

#18 ஊசிமுனை

வேண்டும் தம்பி. கூட்டத்துக்கு வேறு உடையில் வாருங்கள் என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் உங்கள் வரைவில் 'பொது இடங்கள்' என்று இருக்கிறது. லிப்ட், படிக்கட்டு, கேட், தண்ணீர் லாரி நிற்கிற இடம், குப்பைத் தொட்டி எல்லாம் பொது இடம்தான். காலை ஆறரைக்குப் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றுகிறவள் அதற்காகச் சேலை கட்டிவிட்டு இறங்க வேண்டுமா? லுங்கியோடு தண்ணீர் பிடிக்க வருகிற ஆணை ஒருவரும் நிறுத்துவதில்லை. தடை என்று எழுதினால் அது பெண் மேல்தான் விழும்.

#19 வாய்தா

ஊசிமுனை சொல்வதற்கு உதாரணம் இருக்கிறது. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலப்பள்ளியில் 2018இல் ஊர்ப் பெரியவர்கள் காலை 7 முதல் மாலை 7 வரை பெண்கள் நைட்டி போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம். விஷயம் வெளியே தெரிந்து அதிகாரிகள் ஊருக்கு வந்தார்கள். 2014இல் நவி மும்பை கோத்திவலியில் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இரண்டிலும் ஆண்களின் வீட்டு உடை பற்றி ஒரு வரி கிடையாது. அபராதம் என்ற சொல்லை வரைவில் எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள்.

#20 கீழ்த்தளம்

எல்லாருக்கும் நன்றி. உடற்பயிற்சிக் கூடம் ஒன்று மிச்சம். அங்கே லுங்கி, நைட்டி கூடாது என்று பெயர் போடலாமா? அது பாதுகாப்பு விஷயம்.

#21 பின்னலாடை

அங்கேயும் காரணத்தை எழுதுங்கள். ட்ரெட்மில் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் தொங்குகிற எதுவும் மாட்டும்: கைலி ஓரம், நைட்டி ஓரம், துப்பட்டா, ட்ராக் பேன்ட்டின் நாடா, அவிழ்ந்த ஷூ லேஸ். கைலி, நைட்டி என்று மட்டும் போட்டால் துப்பட்டா தப்பிவிடும், ஆபத்து அதில்தான் கூடுதல், கழுத்தில் கிடக்கிறதே. 'தொங்கும் உடையோ நாடாவோ இல்லாமல், விரல் மூடிய ஷூவோடு' என்று எழுதினால் எல்லாம் அடங்கும்.

#22 கீழ்த்தளம்

திருத்திய வரைவு:

"பொதுக்கூடமும் அலுவலக அறையும்: கூட்டத்துக்கும் அலுவல் நேரத்துக்கும் வருகிறவர்கள் முழங்கால் மூடிய உடையோடும் மேலாடையோடும் வரவும். வேட்டி, கைலி கட்டியிருப்பவர்கள் மடிப்பை இறக்கிவிட்டு உள்ளே வரவும். உள்ளாடையை மட்டும் மேலாடையாக அணிந்து வர வேண்டாம்.

உடற்பயிற்சிக் கூடம்: தொங்கும் உடையோ நாடாவோ இல்லாமல், விரல் மூடிய ஷூவோடு வரவும். இயந்திரத்தில் மாட்டிக் காயம் ஏற்படும்.

லிப்ட், படிக்கட்டு, வாசல், வளாகம்: உடைக் கட்டுப்பாடு இல்லை."

#23 வடலி

'கைலி' எண்டதுக்குப் பக்கத்தில 'சாரம், லுங்கி' எண்டும் சேர்த்துப் போடுங்கோ. மூண்டு சொல்லும் ஒண்டாய் இருந்தால் ஒருத்தரும் தங்களைத் தனிய பிடிச்சுச் சொல்லினம் எண்டு நினைக்க மாட்டினம்.

#24 மாடிவீட்டு_ஜன்னல்

'முழங்கால் மூடிய' என்பது குழந்தைகளுக்கும் பொருந்துமா? பத்து வயதுப் பையன் அரை டவுசரில்தான் வருவான்.

#25 ஊசிமுனை

'பெரியவர்கள்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். கடைசி வரியைப் பலகையில் முதல் வரியாக ஏற்றுங்கள். எங்கே கட்டுப்பாடு இல்லை என்று முதலில் படித்துவிட்டால், மீதி இரண்டையும் யாரும் முறைத்துக்கொள்ளாமல் படிப்பார்கள்.

#26 கீழ்த்தளம்

மூன்றையும் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் செயற்குழுவில் வைக்கிறேன். வரியில் மாற்றம் கேட்டால் இங்கேயே போடுகிறேன்.